அங்கே சங்கிலி, இங்கே அச்சாரம்!

சைதாப்பேட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிறவர்கள் மறைமலை அடிகள் பாலத்தின் வழியாக அடையாற்றைக் கடக்கிறார்கள். அது 1966-ம் ஆண்டில் வந்த பாலம். அதற்கு முன் அங்கே ஒரு பழைய பாலம் இருந்தது. 1726-ம் ஆண்டில் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி, தன் சொந்தப் பணத்தில் அதைக் கட்டினார். அதற்கு 'மார்மலாங் பாலம்' என்று பெயர். மாம்பலம் என்ற நம் ஊர்ப் பெயர் வெள்ளைக்காரர் வாயில் பட்ட பாடு அது!

அந்தக் காலத்தில் சைதாப்பேட்டை இங்கிலீஷ்காரர்களின் ஊர் அல்ல. கோட்டையும் அதைச் சுற்றிய சில பேட்டைகளும்தான் அவர்கள் கையில் இருந்தன. சைதாப்பேட்டை ஆற்காட்டு நவாபைச் சேர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நெசவாளியின் கதை இந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது.

ஒரே தேசத்தார், பல வழிகள்

இங்கிலீஷ்காரர்கள் கடல் தாண்டிக் குடியேறத் தொடங்கியது 17-ம் நூற்றாண்டில். 1607-ல் அமெரிக்காவில் வர்ஜீனியாவுக்குப் போனார்கள். அங்கே புகையிலை நன்றாக விளைந்தது. நிலம் ஏராளம், வேலை செய்ய ஆள் இல்லை. ஆகவே இங்கிலாந்திலிருந்த ஏழைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். கப்பல் கூலிக்குப் பதிலாக நாலு முதல் ஏழு வருஷம் எஜமானுக்கு உழைக்க வேண்டும். அதற்கு ஒப்பந்தச் சீட்டு உண்டு.

1619-ல் ஆப்பிரிக்கர்கள் சுமார் இருபது பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்களுக்குச் சீட்டும் இல்லை, கெடுவும் இல்லை. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று 1662-ல் வர்ஜீனியாவில் சட்டமே செய்துவிட்டார்கள்.

பார்படோஸ் தீவில் கொடுமை இன்னும் அதிகம். அங்கே கரும்பு. வெட்டிய கரும்பைக் காயவிடாமல் ஆட்ட வேண்டும் என்பது நம் குடியானவர்களுக்குத் தெரியும். ஆகவே இரவும் பகலும் ஆலை ஓடியது. அடிமைகள் செத்துச் செத்து விழுந்தார்கள். எஜமானர்கள் புதிதாக வாங்கிப் போட்டார்கள்.

வடக்கே பாஸ்டன் பக்கம் போன இங்கிலீஷ்காரர்களோ பெண்டு பிள்ளைகளோடு போனவர்கள். குளிர் தேசம், புகையிலையும் கரும்பும் இல்லை. சொந்தக் கழனியில் தாங்களே உழுதார்கள். மீன் பிடித்தார்கள், கப்பல் கட்டினார்கள். அவர்களிடம் அடிமைகள் குறைவு. ஆனால் அடிமைகள் உழைத்த கரும்புத் தீவுகளுக்கு மீனும் மரமும் விற்றுத்தான் பணம் சேர்த்தார்கள்.

சென்னையில் என்ன செய்தார்கள்?

1639-ல் பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் மணல்மேடான சென்னையை வாங்கினார். இங்கே தோட்டம் போட நிலம் இல்லை; அதற்கு அவசியமும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது துணி. அதை நெய்யும் கைகள் இங்கே ஏற்கெனவே இருந்தன. நூலும் தறியும் சாயவேரும் நெசவாளியுடையவை. உலகத்திலேயே சிறந்த துணி அது. சங்கிலி போட்டு நெய்ய வைக்கக்கூடிய தொழிலா இது?

ஆகவே வெள்ளைக்காரர்கள் ஆசை காட்டினார்கள். வரிச் சலுகை கொடுத்து நெசவாளர் குடும்பங்களை அழைத்தார்கள். துணியை வெளுப்பவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. கவர்னர் காலெட் 1719-ல் வைத்த நெசவாளர் ஊர்தான் இன்றைய காலடிப்பேட்டை. 1734-ல் நூற்பவர், நெய்பவர், சாயம் போடுபவர்களுக்கென்றே சிந்தாதிரிப்பேட்டை உண்டாயிற்று.

துணி வாங்கும் முறை இதுதான். கும்பெனியார் வியாபாரிகளுக்குப் பணம் கொடுப்பார்கள். வியாபாரிகள் நெசவாளிக்கு அச்சாரம் கொடுப்பார்கள். அதை வைத்து நெசவாளி நூல் வாங்குவான், வீட்டுக்கு அரிசியும் வாங்குவான். நெய்து முடித்ததும் கணக்குத் தீரும்.

அச்சாரம் வாங்கியவன் கட்டுப்பட்டவன்தானே என்று தோன்றும். பாதி உண்மை. அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வியாபாரிக்கு நெய்யலாம் என்பது வழக்கம். டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் உள்ளூர் வியாபாரிகளும் துணிக்கு அலைந்தார்கள். கெடுபிடி அதிகமானால் நெசவாளிகள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வேறு எல்லைக்குப் போய்விடுவார்கள். நாலு மைல் நடந்தால் நவாப் சீமை!

மறைக்கக் கூடாத ஒன்று

சென்னையில் அடிமைகளே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1680-களில் பஞ்சம் வந்தபோது பிள்ளைகளும் பெரியவர்களும் விற்கப்பட்டு, இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏற்றப்பட்டார்கள். 1688-ல்தான் கோட்டை நிர்வாகம் அதற்குத் தடை போட்டது. அப்போது கவர்னர் எலிஹு யேல். பாஸ்டனில் பிறந்தவர், சென்னையில் பெரும் பணம் சேர்த்தவர். பின்னாளில் அவர் கொடுத்த துணிகளையும் புத்தகங்களையும் பெற்ற அமெரிக்கக் கல்லூரி ஒன்று, 1718-ல் அவர் பெயரையே வைத்துக்கொண்டது. அதுதான் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம்.

செங்கல்பட்டுச் சீமையின் வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த பண்ணையாட்களும் உண்டு. அது வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம் அல்ல, நம்முடையது. 1843-ம் ஆண்டுச் சட்டம்தான், ஒருவனை அடிமை என்று கோர்ட்டில் உரிமை கொண்டாட முடியாது என்று செய்தது.

இன்னொன்று. சென்னைக் கரையிலிருந்து போன துணியில் ஒரு பகுதி, லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே அடிமைகளை வாங்க அதை விலையாகக் கொடுத்தார்கள். நெய்தவனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. செயின்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளில் ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்கள் இன்றும் விழா நாட்களில் கட்டம் போட்ட துணி உடுத்துகிறார்கள். அதற்கு அங்கே பெயர் 'மதராஸ்'.

எல்லை அழிந்தது

1763-ல் நவாப் முகம்மது அலி, சென்னையைச் சுற்றிய செங்கல்பட்டுச் சீமையைக் கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். சைதாப்பேட்டைப் பக்கமெல்லாம் கும்பெனி கைக்கு வந்தது. பிறகு எங்கே ஓடுவது?

கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வழக்கம் போயிற்று. நடுவிலிருந்த வியாபாரிகளை விலக்கிவிட்டுக் கும்பெனியின் ஆட்களே அச்சாரம் கொடுத்தார்கள். வாங்கியவன் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது. துணி தாமதமானால் வீட்டு வாசலில் சேவகன் வந்து நிற்பான். அந்தச் சேவகனின் படியையும் நெசவாளியே கொடுக்க வேண்டும்! இருந்தாலும் அவன் அடிமை அல்ல. அவன் பிள்ளையை யாரும் ஏலம் போடவில்லை. ஆனால் வேறு ஆளுக்கு விற்கிறேன் என்று சொல்லும் வாய் அடைபட்டுவிட்டது. அவனுடைய பலமே அதுதான்.

பிறகு மான்செஸ்டர் ஆலைத் துணி வந்தது. தறிகள் பல நின்றன.

1834-ல் இங்கிலீஷ்காரர் தங்கள் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டக்காரர்கள் வேறு ஆள் தேடினார்கள். பழைய வர்ஜீனியா ஒப்பந்தச் சீட்டு மறுபடியும் வெளியே வந்தது. இந்தத் தடவை ரேகை வைத்தவர்கள் நம்மவர்கள். மொரீஷியசுக்குப் போனார்கள். 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ந் தேதி தென் ஆப்பிரிக்காவில் டர்பன் துறையை அடைந்தது. அதில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். வேலை கரும்புத் தோட்டத்தில். சீட்டில் கண்ட கெடு ஐந்து வருஷம்.