எம்டன் குண்டு 17 கிலோ... பிரெஞ்சு போர்க்கப்பல் குண்டு 430 கிலோ! ராட்சத பீரங்கிகளின் கதை

"அவன் பெரிய எம்டன்பா!" கடலே எட்டிப் பார்க்காத கள்ளக்குறிச்சி பக்கத்திலும் இந்தப் பேச்சு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய ஜெர்மன் கப்பலின் பெயர்தான் அது.

சென்னையில் நடந்தது என்ன?

கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில் நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை எம்டன் வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் டேங்குகள் பற்றி எரிந்தன. மக்கள் ஊரைவிட்டே ஓடினர். ஆனால், எம்டனில் இருந்தவை 10.5 செ.மீ. வாய் அகலம் கொண்ட சின்ன பீரங்கிகள்தான். குண்டின் எடை சுமார் 17 கிலோ.

அப்போ பெரிய பீரங்கி எப்படி இருக்கும்?

அன்று புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸிடம் இருந்த 'கூர்பே' போர்க்கப்பலைப் பார்க்கலாம். 1913இல் சேவைக்கு வந்த இதில், 305 மி.மீ. பீரங்கிகள் மட்டும் 12. ஒரு குண்டு 430 கிலோவுக்கும் மேல். அதாவது, எம்டன் குண்டைப் போல 25 மடங்கு! பாய்ந்த தூரம் சுமார் 13 கி.மீ. ஆள் தூக்க முடியாத இந்தக் குண்டுகளை, கப்பலின் அடித்தளத்தில் இருந்து இயந்திரம்தான் மேலே ஏற்றும்.

சொந்தக் கப்பலையே அழித்த மருந்து

குண்டைத் தள்ள பிரான்ஸ் பயன்படுத்தியது 'பூத்ர் பி' என்ற புகையில்லா வெடிமருந்து. 1884இல் பால் வியேல் கண்டுபிடித்தது. பழைய கரிமருந்தைவிட சக்தி அதிகம், புகை கண்ணை மறைக்காது. ஆனால் ஒரு சிக்கல். நாள்பட நாள்பட, அதுவும் வெப்பத்தில், இந்த மருந்து சிதைந்து தானாகவே தீப்பிடிக்கும்.

1907 மார்ச் 12இல் தூலோன் துறைமுகத்தில் 'இயேனா' போர்க்கப்பல் வெடித்து, 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1911 செப்டம்பர் 25இல் அதே துறைமுகத்தில் 'லிபர்ட்டே' வெடித்தது. இந்த முறை பலி 200ஐத் தாண்டியது. இரண்டு முறையும் எதிரி ஒரு குண்டுகூட சுடவில்லை! அதன்பிறகே மருந்தைப் பதப்படுத்துவதிலும், பழையதைக் கழிப்பதிலும் கெடுபிடி வந்தது.

பெரிய பீரங்கி இருந்தால் ஜெயிப்பு உறுதியா?

இல்லை. 1915 மார்ச் 18இல் டார்டனெல்ஸ் நீரிணையில், 305 மி.மீ. பீரங்கி வைத்திருந்த பிரெஞ்சு 'பூவே' கப்பல், கடல் கண்ணிவெடியில் சிக்கி சில நிமிடங்களில் மூழ்கியது. 600க்கும் மேற்பட்டோர் பலி.

நேருக்கு நேர் மோதினால் கதை வேறு. 1914 நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே எம்டனை மடக்கியது ஆஸ்திரேலியாவின் 'சிட்னி'. அதன் பீரங்கிகள் 152 மி.மீ., குண்டு சுமார் 45 கிலோ. முதலில் குறி வைத்து அடித்தது எம்டன்தான். ஆனாலும் கனமான குண்டுகளைத் தாங்க முடியாமல், கடைசியில் பவளப்பாறையில் தரைதட்டியது.

கப்பல் போனது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அந்த இரவின் நினைவுக் கல் நிற்கிறது. 17 கிலோ குண்டு தந்த பயம், நம் பேச்சில் இன்னும் நிற்கிறது.