டொமைன் யார் பேர்ல இருக்கு?

போன மாசம் காலேஜ்ல இருந்து ஒரு மெயில் வந்துச்சு. ஃபைனல் இயர் முடிஞ்சதும் நம்ம காலேஜ் மெயில் ஐடியை எல்லாம் மூடிடுவாங்களாம், தேவையானதை பேக்கப் எடுத்துக்கணுமாம். ஹாஸ்டல்ல எல்லாரும் நோட்ஸையும் டூர் போட்டோவையும் டவுன்லோட் பண்ணிட்டு இருந்தாங்க. எனக்கு மட்டும் கரூர்ல இருக்கற ஒரு பெட்ஷீட் யூனிட் ஞாபகம் வந்து வயித்தைக் கலக்கிடுச்சு.

செகண்ட் இயர்ல நான் காசு வாங்கிட்டு செஞ்ச முதல் வெப்சைட் அது. அப்பாவோட நண்பர், நான் பெரியப்பான்னு கூப்பிடறவர், சின்னதா பெட்ஷீட், திரைச்சீலை தயாரிக்கிற யூனிட் வெச்சிருக்கார். 4,000 ரூபாய் கொடுத்தார். ரெண்டு நாள்ல வேர்ட்பிரஸ் போட்டு முடிச்சேன். டொமைன் வாங்கும்போது மெயில் ஐடி கேட்டதுக்கு, "எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா, நீயே பாத்துக்கோ"ன்னுட்டார். நானும் பார்த்துக்கிட்டேன். என் பெயர், என் காலேஜ் மெயில் ஐடி, அப்போ என்கிட்ட இருந்த சிம் நம்பர்.

அந்த சிம் இப்போ என்கிட்ட இல்ல. மெயிலும் மே மாசத்தோட போயிடும். அதுக்கப்புறம் அந்த அக்கவுண்டுக்குள்ள அவராலயும் போக முடியாது, என்னாலயும் போக முடியாது. இதுக்குள்ள அவரோ அந்தப் பெயரை விசிட்டிங் கார்டு, பில் புக், பார்சல் ஸ்டிக்கர்னு எல்லாத்துலயும் அச்சடிச்சிட்டார். வெளியூர்க் கடைக்காரங்க ஆர்டர் அனுப்பறதே அந்த டொமைன் மெயிலுக்குத்தான்.

நம்ம கிளாஸ்லயே பாதிப் பேர் இப்படி யாருக்காவது சைட் செஞ்சு கொடுத்திருப்போம். அதனாலதான் இந்தக் கட்டுரை.

வெப்சைட்னா நாலு பொருள்

"வெப்சைட் என்னுது" என்று ஒரு கடைக்காரர் சொல்லும்போது, உண்மையில் அது நான்கு தனித்தனி விஷயங்கள். நாலும் நாலு பேர் கையில் இருக்கலாம்.

முதல் விஷயம் டொமைன். பெயரை நாம் விலைக்கு வாங்குவதில்லை, வருஷக் கணக்கில் பதிவு செய்துகொள்கிறோம். டாட் காம், டாட் இன் எதுவானாலும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 வருஷம். டாட் காம் பெயர்களை வெரிசைன் நிறுவனம் நிர்வகிக்கிறது. டாட் இன் பெயர்கள் நிக்ஸி அமைப்பின் பொறுப்பில் இருக்கின்றன. நாம் பணம் கட்டும் ரெஜிஸ்ட்ரார் இடையில் இருக்கும் முகவர். பதிவில் 'ரெஜிஸ்ட்ரன்ட்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ, ரெஜிஸ்ட்ரார் அவர் பேச்சைத்தான் கேட்பார். காசு கொடுத்தது யார் என்று பார்க்க மாட்டார்.

ரெண்டாவது டிஎன்எஸ். இந்தப் பெயரை டைப் பண்ணினால் எந்த சர்வருக்குப் போகணும், இந்தப் பெயருக்கு வரும் மெயில் எங்கே போகணும் என்று சொல்லும் பட்டியல். சைட்டுக்கு ஏ ரெக்கார்டு, மெயிலுக்கு எம்எக்ஸ் ரெக்கார்டு. இதைத் திருத்தும் பாஸ்வேர்டு ஒருத்தர்கிட்ட இருந்தால், சைட்டைத் தொடாமலேயே மொத்த மெயிலையும் வேறு பக்கம் திருப்பிவிடலாம்.

மூணாவது ஹோஸ்டிங். ஃபைல்கள் இருக்கும் வாடகை இடம். நம்மில் பலர் ஒரே ஹோஸ்டிங் பிளான் எடுத்து, அதில் அஞ்சாறு பேரோட சைட்டை ஏத்தி வைப்போம். செலவு மிச்சம்தான். ஆனால் நாம் ஒரு வருஷம் ரினியூ பண்ண மறந்தால் அத்தனை கடையும் ஒரே நாளில் மூடும்.

நாலாவது உள்ளடக்கமும் கோடும். வேர்ட்பிரஸ் சைட் என்றால் ஃபைல்கள் ஒரு பக்கம், டேட்டாபேஸ் இன்னொரு பக்கம். ஃபைலை மட்டும் ஜிப் பண்ணிக் கொடுத்துவிட்டு "பேக்கப் கொடுத்துட்டேன்" என்று சொன்னால், எழுதின பக்கங்களும் பொருள் விவரங்களும் அதில் இருக்காது.

கோட் யாருக்குச் சொந்தம்?

எனக்கே இது ஆச்சரியமா இருந்துச்சு. நம்ம நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் 'இலக்கியப் படைப்பு' கணக்கில்தான் வருகிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதினால், உரிமை முதலாளிக்கு. ஃப்ரீலான்ஸர் எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பொதுவாக எழுதியவருக்கே. அதைக் கடைக்காரருக்கு மாற்றிக்கொடுக்க எழுத்தில், கையெழுத்துடன் ஒரு தாள் வேணும். அந்தத் தாளில் காலம் குறிப்பிடாமல் விட்டால் 5 வருஷம் என்றும், இடம் குறிப்பிடாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் "ஓகே அண்ணா" என்று போட்டதோடு முடிக்காமல், அரைப் பக்கமாவது எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

மறந்தால் என்ன ஆகும்?

டாட் காம் மாதிரியான பெயர்கள் காலாவதி ஆவதற்குச் சுமார் ஒரு மாசம் முன்னாலும், ஒரு வாரம் முன்னாலும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்பியே ஆகணும். அது பதிவில் இருக்கும் மெயிலுக்குத்தான் போகும். என் கதையில் அது மூடிப்போன காலேஜ் மெயில்.

காலாவதி ஆனபின் ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். பெயர் நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க இன்னும் 30 நாள். அதன்பின் 5 நாள் காத்திருப்பு. பிறகு யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். சில ரெஜிஸ்ட்ரார்கள் அதற்கு முன்னாலேயே ஏலம் விட்டுவிடுவார்கள். எடுத்தவர் அந்தப் பெயரில் மெயில் பெட்டி திறந்தால், பழைய வாடிக்கையாளர் அனுப்பும் ஆர்டரும், பாஸ்வேர்டு ரீசெட் லிங்க்கும் அவருக்குத்தான் வரும்.

பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் நடக்காதுன்னு நினைக்காதீங்க. 1999 டிசம்பர்ல மைக்ரோசாஃப்ட் தன்னோட பாஸ்போர்ட் டாட் காம் பெயரை ரினியூ பண்ண மறந்துடுச்சு. ஹாட்மெயில் லாகின் அதை நம்பி இருந்ததால பலரால உள்ளே போக முடியலை. கடைசியில் சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டினார்.

"இன்ஸ்டா போதும்டா, சைட் எதுக்கு?" என்று கேட்கும் கடைக்காரர்களும் இருக்காங்க. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாகக் கிடைத்த ஒரு பக்க வெப்சைட்களை 2024 மார்ச்சில் கூகுளே நிறுத்திவிட்டது. இவற்றைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் வாடிக்கையாளர் மனசில் பதியும் முகவரி சொந்த டொமைனாக இருந்தால், பின்னால் இருப்பதை எப்போ வேணும்னாலும் மாத்திக்கலாம்.

கரூர்ல என்ன செஞ்சேன்

போன ஞாயிறு நேரா கரூர் போயிட்டேன். பெரியப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னதும், "இத்தனை நாள் கடைச் சாவி உன்கிட்டயா இருந்துச்சு?"ன்னு சிரிச்சார். கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ பெங்களூர் போயிட்டா நான் யாரைப் போய்க் கேக்கறது?"ன்னார். அப்போ சிரிக்கலை.

ஓடிபி மெயிலுக்கும் வரும்ங்கறதால தப்பிச்சேன். அவர் பெயர்ல, அவர் நம்பர்ல ஒரு மெயில் ஐடி திறந்தோம். ரெக்கவரி நம்பரா, கணக்கு பார்க்கிற அவர் பொண்ணு, அதாவது எங்க அக்காவோட நம்பர். அதே ரெஜிஸ்ட்ரார்ல அவர் பெயர்ல புது அக்கவுண்ட் ஆரம்பிச்சு டொமைனை அங்கே மாத்தினோம். ரெஜிஸ்ட்ரன்ட் பெயரையும் மாத்தி, அவர் பணத்துலயே 5 வருஷத்துக்கு ரினியூ பண்ணினோம். ஹோஸ்டிங்கும் அவர் பெயருக்கு. சைட்ல எனக்கு ஒரு தனி லாகின் மட்டும், வேண்டாம்னா அக்காவே நீக்கிடலாம். எந்தெந்தக் கம்பெனி, எந்த மெயில் ஐடி, எப்போ ரினியூவல்னு ஒரு தாள்ல எழுதி, ஜிஎஸ்டி சர்டிபிகேட் இருக்கற ஃபைல்லயே வெச்சாச்சு. ஃபைலும் டேட்டாபேஸும் ஒரு பென்டிரைவ்ல.

எல்லாம் சேர்த்து மூணு மணி நேரம். செகண்ட் இயர்லயே செஞ்சிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்.

மே மாசத்துக்கு முன்னாடி

நீங்க யாருக்காவது சைட் செஞ்சிருந்தா இன்னிக்கே நாலு கேள்வி கேட்டுப் பாருங்க. டொமைன் யார் பெயர்ல, எந்த மெயில்ல இருக்கு? டிஎன்எஸ் பாஸ்வேர்டு யாருகிட்ட? ஹோஸ்டிங் பில் யார் கட்டறாங்க? பேக்கப் அவங்க கையில் இருக்கா? நாலுல ஒண்ணுக்கு "நான்"னு பதில் வந்தாலும் போன் போட்டு மாத்திக் கொடுத்திடுங்க.

சாவி நம்மகிட்ட இருந்தா ஒவ்வொரு சின்ன வேலைக்கும் அவங்க நம்மளையே கூப்பிடுவாங்கன்னு ஒரு ஆசை இருக்கும், எனக்கும் இருந்துச்சு. ஆனா மாத்திக் கொடுத்த அடுத்த நாளே பெரியப்பா கூப்பிட்டார். புதுசா போர்வை ரகம் வந்திருக்காம், சைட்ல போடணுமாம். எவ்வளவு ஆகும்னு கேட்டார்.