கேள்வியோடு போனால் நட்போடு திரும்பலாம்

நூலகர்கள் மாநாட்டில் வானொலி அறிவிப்பாளருக்கு என்ன வேலை? வீட்டிலும் கேட்டார்கள், வேலையிடத்திலும் கேட்டார்கள். என் பதில் ஒன்றுதான்: “என்னிடம் ஒரு பெட்டி கேசட் இருக்கிறது.”

மூத்த அறிவிப்பாளர் ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் ஒப்படைத்த பெட்டி அது. எண்பதுகளில் பதிவான நேர்காணல்கள், நாடகங்கள், தோட்டப்புறப் பாடல்கள் என மொத்தம் அறுபதுக்கும் மேல். பாதிக் கேசட்டுகளின் உறையில் ஓர் எழுத்துகூட இல்லை. இவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்று ஊடகத்துறைப் பட்டப்படிப்பில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த நேரத்தில்தான் உலக நூலக, தகவல் மாநாடு நம் ஊருக்கே வந்தது. 2018 ஆகஸ்டு 24 முதல் 30 வரை கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் நடந்தது. நடத்தியது, 1927இல் எடின்பரோவில் தொடங்கப்பட்ட ‘இஃப்லா’ என்னும் அனைத்துலக நூலகச் சம்மேளனம். அதன் அதிகாரபூர்வ மொழிகள் ஏழு: அரபு, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யம், ஸ்பானியம். தமிழ் இல்லை, மலாயும் இல்லை. ஆனால் தேநீர் வரிசையில் நின்றால் எல்லா மொழியும் காதில் விழும்.

இத்தனை பெரிய மாநாட்டில் ஒரே நேரத்தில் பல அரங்குகளில் கூட்டம் நடக்கும். எல்லாவற்றையும் கேட்க ஆசைப்பட்டால் நடந்தே களைத்துப்போவோம். புதிதாக வருபவர்களுக்கென்று முதலிலேயே ஓர் அறிமுகக் கூட்டம் உண்டு. அதைத் தவறவிடாதீர்கள். எனக்கு அதைவிடவும் உதவியது சுவரொட்டிக் காட்சி. ஒவ்வொருவரும் தம் நூலகத்தில் செய்த வேலையை ஒரு பெரிய தாளில் அச்சிட்டு, அதன் பக்கத்திலேயே நிற்பார்கள். மேடையில் பேசுபவரை நெருங்கத் தயங்கலாம். இவர்களோ யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்.

அங்கே நின்றிருந்த ஓர் ஆவணக் காப்பாளரிடம் என் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். எந்த இயந்திரம் வாங்கலாம் என்றும் கேட்டேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

“பேசுவது யார் யார் என்று தெரியுமா?”

“சிலரை மட்டும் தெரியும்.”

“மற்றவர்களைத் தெரிந்தவர் இருக்கிறாரா?”

“இருக்கிறார். எழுபத்தைந்து வயது.”

“அப்படியென்றால் முதலில் அவரிடம் போங்கள். இயந்திரத்தைப் பிறகு வாங்கலாம்.”

அவரே என்னை ஒலி, ஒளிப் பதிவுகளைக் கவனிக்கும் பிரிவினரிடம் அனுப்பினார். அங்கே தொழில்நுட்பம் தெரிந்துகொண்டேன். ஒலிக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மூலப் பிரதியை ‘வேவ்’ கோப்பாக வைக்க வேண்டும். ‘எம்பி3’ கேட்பதற்கும் பகிர்வதற்கும் மட்டும்.

பெயர்ச் சிக்கலையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். யாழினி என்ற பெயரை ஒருவர் ‘இசட்-எச்’ போட்டு எழுதுவார், இன்னொருவர் வெறும் ‘எல்’ போடுவார். நூலகப் பட்டியல் முறையிலோ ‘எல்’லுக்குக் கீழே ஒரு கோடு. இணைத்து வைக்காவிட்டால் கணினிக்கு அவர்கள் மூன்று பேர். போதாததற்கு, குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் நம்மவரின் அப்பா பெயர் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்படித்தான் நம் எழுத்தாளர்களும் கலைஞர்களும் தேடுபவர் கண்ணில் படாமல் போகிறார்கள்.

வாங்கியதற்குக் கொடுக்கவும் வேண்டுமல்லவா? மடிக்கணினியில் ஒரு தமிழ்ப் பதிவு வைத்திருந்த நூலகர் ஒருவர், அது என்னவென்று தெரியாமல் இருந்தார். காதொலிக் கருவியை மாட்டிக் கேட்டேன். தாலாட்டு. வரிக்கு வரி பொருள் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். இன்றும் எங்களுக்குள் மின்னஞ்சல் போக்குவரத்து உண்டு. ‘நெட்வொர்க்கிங்’ என்றால் பெயரட்டை சேர்ப்பது என்று நினைக்கும் இளையர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஒரு கேள்வியோடு போங்கள், உங்களால் தரக்கூடிய ஒன்றும் கையில் இருக்கட்டும். வாங்கிய அட்டையின் பின்புறம் எதைப் பற்றிப் பேசினீர்கள் என்று குறித்துக்கொண்டு, அந்த வாரத்திற்குள்ளேயே எழுதுங்கள்.

மாநாடு முடிந்ததும் சனிக்கிழமைதோறும் கேசட்டுகளோடு அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். பழைய வானொலிப் பெட்டியில் ஓடவிட்டால், இரண்டு வார்த்தை கேட்டதுமே, “தம்பி, இது இன்னார்” என்பார். நாற்பத்தொரு கேசட்டுகளுக்குப் பெயர் கிடைத்தது. மீதி இருபத்து மூன்றுக்குக் கிடைக்கவில்லை. இப்போது அவரும் இல்லை.

உங்கள் வீட்டு அலமாரியிலும் திருமண கேசட்டோ தாத்தா பேசிய பதிவோ இருக்கலாம். அடுத்த முறை பெரியவர்கள் வீட்டுக்கு வரும்போது போட்டுக் காட்டுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி, கேசட்டோடு சேர்த்து வையுங்கள். நூலகர் செய்யும் முதல் வேலையும் அதுதான்.