மரமா, கம்பளமா? – வீட்டுப் படிக்கட்டைப் பற்றி ஒரு சிந்தனை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம் முன்னோர் வாக்கு. கல்யாணத்தின் தொல்லை சில நாள்களில் ஓய்ந்துவிடும். வீட்டில் நேர்ந்த பிழையோ, அவ்வீட்டில் வாழ்வோரை நாள்தோறும் தொடரும். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்பெற்றது. இன்று நகரிலும், சின்னசேலம், சங்கராபுரம் போன்ற ஊர்களிலும், கல்வராயன் மலையடிவாரச் சிற்றூர்களிலும் மாடி வீடுகளைக் காண்கிறோம். மாடி என்றால் படிக்கட்டு வேண்டும். ஆயினும் தலைவாசலுக்கும் சமையலறைக்கும் செலுத்தும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் படிக்கட்டுக்கு நாம் செலுத்துவதில்லை.

அண்மைக் காலமாகச் சில குடும்பங்களில் ஒரு புதிய வினா எழுந்துள்ளது. வெளிநாட்டில் பணிபுரியும் மகன், தான் அங்குக் கண்ட வீடுகளைப் போல் படிகளின்மேல் கம்பளம் விரிக்க வேண்டும் என்கிறான். ஊரிலிருக்கும் தந்தையோ, தேக்குப் பலகை பதித்தால் மூன்று தலைமுறைக்கு நிற்கும் என்கிறார். இருவரும் பங்குக் குருவிடம் வந்து தீர்ப்புக் கேட்கின்றனர். குருவானவர் கொத்தனாரும் அல்லர், தச்சரும் அல்லர். எனினும் இவ்வினாவுக்குள் அழகையும் பணத்தையும் விடப் பெரியதொன்று மறைந்திருப்பதால், இதைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

கம்பளம் குளிர்நாடுகளின் தேவையில் பிறந்த வழக்கம். அந்நாடுகளில் பல வீடுகளின் படிக்கட்டுகள் முழுவதும் மரத்தால் ஆனவை. ஒருவர் ஏறினால் வீடெங்கும் ஓசை எழும். ஆண்டில் பல மாதங்கள் தரை சில்லிட்டிருக்கும். ஆகவே ஓசையை அடக்கவும், பாதத்திற்கு வெதுவெதுப்பு அளிக்கவும், விழுந்தால் அடியின் வேகம் தணியவும் படிகளின்மேல் கம்பளத்தை இறுக்கிப் பதித்தார்கள். தூசியை உறிஞ்சும் மின்கருவியால் அதைத் துப்புரவு செய்கிறார்கள். அங்கு அது பொருத்தமே.

நம் நாட்டு நிலை வேறு. நம் படிகள் பெரும்பாலும் கான்கிரீட்டால் ஆனவை. அவற்றில் காலடி ஓசை அவ்வளவாக எழுவதில்லை. நமது கோடையோ, தரையின் குளிர்ச்சியைத் தேடி வெறுந்தரையில் படுக்க வைக்கும் கோடை. சன்னல்களைத் திறந்து வைத்து வாழ்கிறோம். தெருப்புழுதி தடையின்றி உள்ளே வருகிறது. வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவினாலன்றி நம் தாய்மாருக்கு மனம் நிறைவதில்லை. கம்பளமோ புழுதியைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ளும். நீர் பட்டால் எளிதில் உலராது. அதில் தங்கும் நுண்ணிய பூச்சிகள் ஆஸ்துமா உள்ள குழந்தைகளை வருத்தும். அப்படியானால் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் குளிர் உண்டே, அங்கேனும் தகுமா என்று கேட்கலாம். அங்குக் குளிரோடு மேகமூட்டமும் ஈரமும் சேர்ந்தே வருகின்றன. மழைக்காலத்தில் துணியே உலராத இடத்தில் கம்பளம் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்குமா?

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. கம்பளத்தை முறைப்படி பதிக்காமல், பவானி ஜமக்காளத்தையோ தேங்காய்நார் மிதியடியையோ படியின்மேல் சும்மா விரித்து வைப்பதே அது. ஜமக்காளம் கூடத்தில் விருந்தினர் அமர்வதற்கு உரியது. மிதியடி வாசலுக்கு உரியது. படியின்மேல் வைத்த விரிப்பு காலோடு நழுவும். படியின் விளிம்பு எங்கே முடிகிறதென்று கண்ணுக்குத் தெரியாதபடி அது மறைத்தும் விடும். ஆதலால் படியில் தளர்ந்த விரிப்பு எதுவும் ஆகாது என்பதை வீட்டு விதியாகவே கொள்ளுங்கள்.

மரம் நம் மண்ணுக்கு உறவான பொருள். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களையும், குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையையும் கண்டோர் இதை அறிவர். நமது கள்ளக்குறிச்சியே மரச்சிற்பத்திற்குப் பேர்பெற்ற ஊர். இங்குள்ள மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியும் கொட்டாப்புளியும் கொண்டு பிழைக்கும் குடும்பங்கள் நம் நடுவே உள்ளன. வெளியூர்த் தொழிற்சாலைப் பொருளுக்குக் கொடுக்கும் பணத்தை அண்டை வீட்டுத் தச்சருக்குக் கொடுத்தால், ஒரு வீட்டின் படிக்கட்டு மற்றொரு வீட்டின் அடுப்பை எரியச் செய்யும். நாசரேத்தூரில் தச்சுவேலை செய்து திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பரை வணங்கும் நமக்கு இது சிறிய செய்தியன்று.

ஆனால் மரத்திற்கும் இலக்கணம் உண்டு. நன்கு உலராத பலகை பின்னர் சுருங்கும், வளையும், வெடிக்கும். ஆகையால் பதம்பட்ட மரத்தையே வாங்க வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ச் சத்து இருப்பதால் கரையான் அதை எளிதில் அண்டாது. மலிவென்று மாம்பலகையைப் பதித்தால் அவ்வுறுதியை எதிர்பார்க்க இயலாது. கான்கிரீட் படியின்மேல் பலகை பதிப்பதாயின், கான்கிரீட்டின் ஈரம் முற்றிலும் காயும்வரை பொறுத்திருங்கள். மழை படும் வெளிப்புறப் படிக்கு மரம் வேண்டாம். கண்ணாடிபோல் மின்னும் மெருகும் வேண்டாம். அது பார்ப்பதற்கு அழகு, மிதிப்பதற்கு ஆபத்து. மரத்தை உரிய ரசீதோடு வாங்குங்கள். களவாக வெட்டிய மரத்தில் ஏறி மாடிக்குப் போகலாம். மனச்சாட்சியின் அமைதிக்குப் போக முடியாது.

படியின்மேல் எதைப் பரப்புவது என்ற வினா நமக்கு மட்டும் உரியதன்று. உரோமையில், இலாத்தரன் பேராலயத்தின் அருகில், 28 பளிங்குப் படிகளைக் கொண்ட திருப்படிக்கட்டு ஒன்றுள்ளது. பிலாத்துவின் அரண்மனையில் நம் ஆண்டவர் ஏறிய படிகள் அவை என்றும், புனித எலேனா அவற்றைக் கொண்டுவந்தார் என்றும் மரபு கூறும். திருப்பயணிகள் முழங்காலிலேயே அதில் ஏறுகின்றனர். அவர்களின் முழங்காலும் கால்விரலும் உராய்ந்து பளிங்கே குழிந்துபோயிற்று. ஆகவே 1723-இல், பதின்மூன்றாம் இன்னொசென்ட் பாப்பரசரின் காலத்தில், படிகளை அக்ரூட் மரப்பலகைகளால் மூடினார்கள். சீரமைப்புக்குப் பின் 2019-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை பலகை இல்லாத பளிங்கில் ஏற மக்களுக்கு வாய்ப்பளித்து, மறுபடியும் மரத்தால் மூடினர். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் எண்ணற்ற முழங்கால்களைத் தாங்கி, கீழிருந்த கல்லைக் காத்தது அந்த மரம்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். தேக்குக்கு வழியுள்ளவர் எத்தனை பேர்? கடன் வாங்கிக் கட்டிய இரண்டு அறை வீட்டுக்கு மரப்படி எதற்கு? நியாயமான கேள்வி. மரம் இயலாவிடில் வருந்த வேண்டாம். சொரசொரப்பான சிமெண்டுப் படி எளியோரின் நல்ல நண்பன். கருங்கல்லோ ஓடோ பதிப்பவர்கள், பளபளப்பானதைத் தவிர்த்து, வழுக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே பளபளப்பான கல்லைப் பதித்துவிட்டவர்கள், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு மூன்று கோடுகள் வெட்டச் சொல்லலாம். அல்லது சொரசொரப்பான பட்டையை ஒட்டலாம். அப்பட்டை படியின் நிறத்திலிருந்து வேறுபட்டிருந்தால், கண்பார்வை மங்கிய முதியோருக்கு விளிம்பு தெளிவாகத் தெரியும்.

பரப்பும் பொருளைவிட அளவே முதன்மையானது. வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது, கால் வைக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டுக் கட்டட விதித்தொகுப்பின் அறிவுரை. பத்தடி உயரத்தை 17 படிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்தைச் சற்றே தாண்டும். முதியவரும் மூச்சிரைக்காமல் ஏறலாம். இடத்தை மிச்சப்படுத்த எண்ணிப் படிகளைக் குறைத்தால் ஒவ்வொரு படியும் மலையாகும். எல்லாப் படிகளும் ஒரே அளவாய் இருத்தல் வேண்டும். நம் கால் முதல் இரண்டு படிகளிலேயே அளவைக் கற்றுக்கொண்டு, பிறகு கண்ணைக் கேளாமல் நடக்கிறது. நடுவில் ஒன்று மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் அங்கேதான் தடுமாறுகிறது.

அடுத்து, கைப்பிடி. அமெரிக்க நாட்டுச் சாந்தா ஃபே நகரில் லொரேத்தோ சிற்றாலயத்தின் மரப்படிக்கட்டு உலகப் புகழ் பெற்றது. நடுவில் தாங்கும் தூணின்றி, இருமுறை முழுவதும் சுழன்று, 33 படிகளாக மேலேறும் அதனைச் சூசையப்பரே வந்து செய்தார் என்று மக்கள் நெடுங்காலம் பேசி வந்தனர். அத்துணைச் சிறந்த படிக்கட்டுக்கும் முதலில் கைப்பிடி இல்லை. இறங்குவோர் அஞ்சினர், சில ஆண்டுகள் கழித்துக் கைப்பிடி சேர்த்தனர். புதுமையாய்ப் போற்றப்பெற்ற படிக்கே கைப்பிடி தேவைப்பட்டதென்றால், நம் வீட்டுப் படிக்குத் தேவையில்லையா?

நம் பகுதியில் மொட்டை மாடிக்குச் செல்லும் வெளிப்புறப் படிகளைப் பாருங்கள். பல வீடுகளில் ஒருபுறம் சுவர், மறுபுறம் வெட்டவெளி. கைப்பிடியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது, விட்டபடியே நிற்கிறது. மிளகாய் உலர்த்தக் கூடையோடு தாய் ஏறுகிறாள். துணிச்சுமையோடு மகள் இறங்குகிறாள். குழந்தைகள் துரத்தி விளையாடுகின்றனர். உபாகமத்தின் 22-ஆம் அதிகாரத்தில், அதாவது இன்றைய மொழிபெயர்ப்பின் இணைச்சட்ட நூலில், புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்றும், கட்டாமையால் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்றும் கடவுள் கட்டளையிடுகிறார். பலிபீடத்திற்கும் பண்டிகைகளுக்கும் சட்டம் தந்த இறைவன், மாடிச் சுவருக்கும் சட்டம் தருகிறார். பிறரன்பு என்பது தருமம் கொடுப்பதில் மட்டுமன்று. செங்கல்லிலும் சிமெண்டிலும் அது அடங்கியிருக்கிறது.

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்கள் இதன் உண்மையைக் கண்ணாரக் காண்கின்றனர். இடுப்பெலும்பு முறிந்து, ஆண்டுக்கணக்கில் பாயோடு கிடக்கும் முதியோரிடம் விசாரித்தால், பெருவிபத்து எதையும் அவர்கள் சொல்வதில்லை. படி ஈரமாயிருந்தது, விளக்கு எரியவில்லை, பிடிக்க ஒன்றுமில்லை என்று மட்டுமே சொல்கிறார்கள். இம்மூன்றும் தவிர்க்கக் கூடியவை அல்லவா?

ஆகவே, வீடு கட்டும் குடும்பத்தாருக்கு நாம் கூறுவது இதுவே. முதற்பணம் கைப்பிடிக்கு. அடுத்தது விளக்குக்கு, கீழிருந்தும் மேலிருந்தும் போடவும் அணைக்கவும் இரண்டு இடங்களில் சுவிட்சு வையுங்கள். பிறகு படிகளின் அளவும், வழுக்காத மேற்பரப்பும். இவற்றுக்கெல்லாம் பிறகு பணம் மிஞ்சினால், உள்வீட்டுப் படிக்கு நம் ஊர்த் தச்சர் கையால் மரம் பதியுங்கள். கம்பள ஆசையைக் குளிர்நாட்டாருக்கே விட்டுவிடுங்கள்.

புதுமனை மந்திரிக்கும்போது குரு அறைதோறும் தீர்த்தம் தெளித்துச் செபிக்கிறார். இல்லத்தாரும் அவரோடு சேர்ந்து தம் வீட்டைப் பாதுகாப்பிற்காக ஆண்டவரிடம் ஒப்படைக்கின்றனர். அவ்வாறு வேண்டும் கை, முதலில் தன்னால் இயன்ற கைப்பிடியை அமைத்துவிட்டு வேண்டுவதே முறை.