வெளியூரில் தங்க அறை அமர்த்தும் முறை

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து அங்கத்தினர்கள் சேலை விற்பனை, விதை, மருத்துவம் முதலிய காரியங்களை முன்னிட்டு அடிக்கடி சென்னைக்குச் செல்ல நேர்கிறது. முற்காலத்தில் பிரயாணிகளுக்குச் சத்திரங்கள் இருந்தன. சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரே சவளை இராமசாமி முதலியார் கட்டுவித்த சத்திரம் அவற்றுள் பெயர் பெற்றது. இக்காலத்திலோ பெரும்பாலோர் வாடகை கொடுத்தே தங்க வேண்டும். பல நாள் தறியில் அமர்ந்து ஈட்டிய கூலி ஓரிரவு வாடகையில் கரையாதிருக்கச் சில விஷயங்களை இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதலில் கவனிக்க வேண்டியது இடம். செஞ்சி, திண்டிவனம் வழியாகச் செல்லும் பேருந்துகள் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அந்நிலையம் 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறக்கப்பட்டது. அங்கிருந்து கோ-ஆப்டெக்ஸ் தலைமையகம் உள்ள எழும்பூர் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவு. எழும்பூரில் இரண்டு நாள் வேலை உள்ளவர் கிளாம்பாக்கத்தருகே மலிவாக அறை எடுத்தால், மிச்சமானது வண்டிச் சத்தத்திலும் அலைச்சலிலும் போய்விடும். ஆகவே, வேலை எங்கே என்பதை முடிவு செய்த பின்னரே அறையைத் தேடுதல் வேண்டும்.

இரண்டாவது வரி. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை ரூ.7,500 வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ரூ.1,200 அறைக்கு வரி ரூ.60, ஆக ரூ.1,260. ஜி.எஸ்.டி. பதிவு பெறாத சிறு விடுதிகள் இவ்வரியை வசூலிக்கலாகாது. “வரி உட்பட மொத்தம் எவ்வளவு?” என்று கேட்பதே முறை.

மூன்றாவது நேரக் கணக்கு. இதனைப் பலர் கேட்பதில்லை. சில விடுதிகளில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம்; சிலவற்றில் மறுநாள் பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இரவு 10 மணிக்குச் சேர்பவருக்குப் பின்னதில் கிடைப்பது 14 மணி நேரமே. வாடகை ஒன்றாயினும் பயன் ஒன்றன்று.

விரைவாக முடிக்க விரும்புவோர், புறப்படுமுன் கைப்பேசியில் இரண்டு மூன்று விடுதிகளைப் பார்த்து, அண்மையில் தங்கியோர் தண்ணீர், துப்புரவு பற்றி எழுதியிருப்பதைப் படிக்கலாம். பின்னர் விடுதிக்கே தொலைபேசியில் பேசி, மொத்தத் தொகை, நேரக் கணக்கு, வர இயலாவிடில் முன்பணம் திரும்புமா என்ற மூன்றையும் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் காரியம் முடியும். பௌர்ணமியிலும் தீபத் திருநாளிலும் திருவண்ணாமலையில் வாடகை உயர்வதை நாம் அறிவோம். சென்னையிலும் முகூர்த்த நாட்களில் அறை கிடைப்பது அரிது. தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்வது நலம்.

அறிமுகமில்லாதோர் அனுப்பும் இணைப்புகளில் பணம் செலுத்தலாகாது. விடுதிகள், கோயில் விடுதிகளின் பெயரால் போலித் தளங்கள் நடமாடுகின்றன. ஏமாற்றப்பட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆதார் அட்டையை உடன் கொண்டு செல்க. இரசீது கேட்டுப் பெறுக. இருவர் ஒரே தேதியில் சென்று இரட்டைக் கட்டில் அறையைப் பகிர்ந்துகொண்டால் ஒருவர் பங்கு ரூ.630 ஆகிறது. செல்லும் தேதியைச் சங்கத்தில் முன்னரே சொல்லி வைத்தால் துணை கிடைப்பதும் எளிது.