புதுக் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்!

ஈப்போவில் வாங்கிய புதுக் கம்ப்யூட்டர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, கடைக்காரன் நம்மள ஏமாத்திட்டான் போலிருக்கு. பத்து நிமிஷம் ஓடுது, படக்குன்னு செத்துப் போகுது."

அண்ணன் முப்பது வருஷம் தோட்டத்து லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் 4,200 வெள்ளி எடுத்துத்தான் மகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தார். மகள் பொலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படிக்கிறாள். இறுதியாண்டு வேலையை ஒப்படைக்க இன்னும் 12 நாள்தான் இருந்தது. கடைக்குப் போன் செய்து கேட்டால், கடையில் நன்றாகத்தான் ஓடியது, தோட்டத்துக் கரண்டு சரியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். தோட்டம் என்றாலே இப்படி ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

சனிக்கிழமை நான் போனேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையைச் சில ஆண்டுகள் பார்த்துக்கொண்ட ஆசிரியன். அதில் பட்டுத் தெரிந்துகொண்டவைதான் என் கைச்சரக்கு.

முதலில் கையில் எடுத்தது கடிகாரத்தை. காலையில் ஆறிக் கிடந்த கம்ப்யூட்டரை முடுக்கினோம். பதினோரு நிமிடத்தில் அணைந்தது. உடனே மறுபடி முடுக்கினோம், இரண்டே நிமிடம். ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிட்டு முடுக்கினால் மறுபடியும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடியது. கரண்டில் கோளாறு என்றால் அது நேரம் பார்த்தா வரும்? வீட்டில் விளக்கும் மங்கவில்லை, காற்றாடியும் தடுமாறவில்லை. ஆறினால் கூடுதல் நேரம், சூடாயிருந்தால் குறைந்த நேரம் என்று கணக்கு வைத்து அணைகிறது என்றால், பெரும்பாலும் அது சூட்டினால் வரும் கோளாறுதான்.

சூடு எங்கிருந்து வருகிறது? கம்ப்யூட்டரின் மூளை என்று சொல்கிறோமே, அந்தப் பிராசசர், கடுமையாக வேலை செய்யும்போது 100 வாட்டுக்கு மேல்கூட மின்சாரத்தை விழுங்கும். அந்த நாள் 100 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அத்தனையும் இங்கே விரல் நகத்தளவு இடத்தில் பிறக்கிறது. அதை உடனுக்குடன் வாரிக்கொண்டு போவதற்குத்தான் மேலே 'கூலர்' என்ற ஒன்றைப் பொருத்துகிறார்கள். கூலர் வேலை செய்யாவிட்டால் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறது. அதனால் அணைய அணைய வம்பாக முடுக்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

அடுத்தது காய்ச்சல் பார்ப்பது. அதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கம்ப்யூட்டரை முடுக்கியதும் டிலீட் விசையை, சிலவற்றில் எஃப் 2 விசையை, விட்டு விட்டு அழுத்தினால் 'பயாஸ்' என்ற பக்கம் வரும். பிராசசரின் சூடும், விசிறிகளின் வேகமும் அங்கே எண்ணாகவே தெரியும். நம் நாட்டு வெயிலில் வேலை எதுவும் கொடுக்காதபோது 40, 50 டிகிரி காட்டினால் பயமில்லை. எங்கள் கம்ப்யூட்டர் முதலில் 48 காட்டியது. இரண்டு நிமிடத்தில் 71. நான்காம் நிமிடம் 93! அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை, நிறுத்திவிட்டேன். அந்த எண்களை மட்டும் என் அண்ணன் மகள் மறக்காமல் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 90-ஐத் தாண்டினாலே கெட்டுப்போயிற்று என்று அலறக் கூடாது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் பலவும் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியாகவே செய்யப்பட்டவை. இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு எல்லை 100. பெரிய வேலை செய்யும்போது 90 என்றால் அது உழைப்பின் வியர்வை. சும்மா இருக்கும்போது 93 என்றால்தான் காய்ச்சல்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினோம். உள்ளே இருந்தது தண்ணீர்க் கூலர். பிராசசரின் மேல் ஒரு சின்னப் பம்பு, அதிலிருந்து இரண்டு ரப்பர்க் குழாய், கூரைப்பக்கம் ஒரு ரேடியேட்டர், அதற்கு இரண்டு விசிறி. மறுபடி முடுக்கியதும் விசிறிகள் சுழன்றன. வண்ண விளக்குகள் தீபாவளிபோல மின்னின.

"எல்லாம் சுத்துதே சித்தப்பா" என்றாள் பிள்ளை. எனக்கும் குழப்பம்தான்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. விசிறியில் படாமல் ரேடியேட்டரின் ஓரத்தில் புறங்கையை வைத்தார். பிறகு பம்பின் மூடியைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"ரேடியேட்டர் பச்சைத் தண்ணியா கிடக்கு, என்ஜின் கொதிக்குது. தண்ணி ஓடல தம்பி. பம்பு போச்சு."

லோரியில் எத்தனை முறை பார்த்திருப்பார்! விசிறி சுழன்றால் போதாது. சூட்டை விசிறியிடம் கொண்டுவந்து சேர்க்கத் தண்ணீர் ஓட வேண்டுமே. பயாஸில் பம்பின் வேகம் காட்டும் வரியைத் தேடிப் பார்த்தேன். 0.

செம்மண் சாலையில் குலுங்கி வந்ததில் ஒயர் தளர்ந்திருக்கலாம் என்று நினைத்து, மறுபடி பிளக்கைப் பிடுங்கி, கையிலுள்ள நிலைமின்சாரம் போகப் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, பம்பின் ஒயர்களைக் கழற்றி இறுக்கிச் செருகினோம். பல வீடுகளில் இத்தோடு நோய் தீர்ந்துவிடும். எங்களுக்குத் தீரவில்லை. கூலரை நாங்கள் கழற்றவில்லை. புதுப் பொருளில் அந்த அளவுக்குக் கை வைத்தால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

திங்கட்கிழமை கடைக்குப் போனோம். கைப்பேசிப் படங்களைக் காட்டியதும் கரண்டுக் கதை நின்றது. ஆனால் புதுக் கதை ஒன்று தொடங்கியது: கூலரை மொத்த வியாபாரிக்கு அனுப்ப வேண்டுமாம், மூன்று வாரம் ஆகுமாம். பிள்ளைக்கு இருந்ததோ பத்து நாள்.

நம்மில் பலர் இந்த இடத்தில்தான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம். மலேசியாவில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே 50,000 வெள்ளி வரை முறையிடலாம். சிங்கப்பூரிலும் 2012 முதல், வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது விற்கும்போதே இருந்த பழுதாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது கடைக்காரரின் பொறுப்பு. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. ரசீதை மேசைமேல் வைத்து, என் அண்ணன் மகள் மலாயில் அமைதியாகத்தான் சொன்னாள். முதலாளி சற்று நேரம் யோசித்துவிட்டு, அலமாரியிலிருந்து வேறொரு கூலரை எடுத்துவரச் சொன்னார்.

தண்ணீர்க் கூலர் வேண்டாம், உலோகத் தகடும் ஒற்றை விசிறியும் உள்ள காற்றுக் கூலரே போதும் என்று நான்தான் சொன்னேன். அவளுடைய பிராசசருக்கு அது தாராளம். கெட்டுப்போக அதில் விசிறி ஒன்றுதான் உண்டு. விலை வித்தியாசம் 110 வெள்ளியையும் அண்ணன் விடாமல் கேட்டு வாங்கினார்.

கடைப் பையன் பழைய பசையைத் துடைத்தான். புதுப் பசையைப் பட்டாணி அளவு வைத்தான். தகட்டுக்கும் பிராசசருக்கும் நடுவே காற்று தங்காமல் அடைப்பதற்குத்தான் இந்தப் பசை. அவன் கூலரை இறக்கப் போகும்போது, "அடியில பிளாஸ்டிக் தாள் இருக்கே!" என்றாள் பிள்ளை. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு உரித்தான். கீறல் படாமல் இருக்க ஒட்டியனுப்பும் அந்த மெல்லிய தாளை உரிக்காமலே பொருத்திவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. புதுக் கம்ப்யூட்டர் சூடாகிறதென்றால் அதையும் சந்தேகப்படுங்கள். நான்கு மூலையிலும் செருகும் கூலராக இருந்தால், ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

அன்று இரவு தோட்டத்து வீட்டில் பயாஸ் 44 காட்டியது. கட்டடப் படத்தை நாற்பது நிமிடம் ஓட விட்டோம். 78-க்கு மேல் ஏறவில்லை. அண்ணன் பெட்டியின் பின்பக்கம் கையை நீட்டிப் பார்த்தார்.

"சூட்டுக் காத்து வெளிய வருது. சரி, நீ வேலையைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.