தடைக்கு முன் வந்திருக்க வேண்டிய சட்டம்

எல்லைப் பகுதியான கல்வானில் இந்திய, சீனப் படைகள் மோதி இரண்டு வாரங்களே கழிந்திருந்த 2020 ஜூன் 29 அன்று, டிக்டாக் உள்ளிட்ட, சீனத் தொடர்புடைய 59 செயலிகளை, நாட்டின் இறையாண்மைக்கும் பாதுகாப்புக்கும் ஊறு விளைவிப்பவை என்று கூறி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்கீழ் இந்திய அரசு முடக்கியது. பயனர்களின் தரவு தவறான கைகளுக்குச் செல்லும் என்பதே அரசின் அச்சம். தரவு எனப்படுவது தொலைபேசி எண் மட்டுமன்று. பயனர் எந்தக் காணொளியில் எத்தனை நொடி நின்றார், எங்கிருந்து பார்த்தார் என்பனவும் அதில் அடங்கும். உளவுப் பணிக்கு நிறுவனங்கள் ஒத்துழைக்க வேண்டுமெனச் சீனாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் பணிப்பதால், அரசின் அச்சத்தை வீண் கற்பனையென ஒதுக்க இயலாது. ஆயினும், டிக்டாக்கை இழந்தவர்களில் பலர் சென்றடைந்த இன்ஸ்டாகிராமும் யூடியூபும், அமெரிக்க நிறுவனங்களுக்கு உரியவையாயினும், இதே வகைத் தரவைத்தான் திரட்டுகின்றன. உரிமையாளர் எந்நாட்டவர் என்று பாராமல் எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தடைக்கு முன்பே வந்திருக்க வேண்டியது, 2023 ஆகஸ்டில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.